வால் நீண்ட ஆபிரிக்கக் குருவி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்; இன்றைக்கு லண்டன் டூட்டிங்கில் எனக்கு மூன்று கடை. அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டே முன்னுக்கு வந்தவன். நேற்று ரயிலில் எதிரே இருந்த ஒரு யாழ்ப்பாணத் தம்பதியின் பேச்சுக்காக, இறங்க வேண்டிய ஸ்டேஷனையே விட்டுவிட்டேன். கணவரின் மடியில் சட்டம் போட்ட பெரிய குருவிப் படம்.

“இஞ்சருங்கோ, இது ஆபிரிக்கக் குருவியே இல்லை!” என்றார் மனைவி, கையிலிருந்த பறவைப் புத்தகத்தைத் தட்டி.

“விசர்க் கதை கதையாதையும். உகண்டாவிலை நான் எடுத்த படம்.”

“இந்தக் கம்பிவால் தகைவிலான் குருவியிலை ரெண்டு வகையாம். சகாராவுக்குத் தெற்கை இருக்கிறது சின்னன், வால்கம்பியும் கட்டை. இந்தியாப் பக்கத்தது பெரிசு, வால் நீளம். இது நீளமெல்லே? கோயில் சுற்றுலா போனபோது தஞ்சாவூரிலை எடுத்தனீங்கள்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஐயோ, இன்னும் அரை மணித்தியாலத்திலை பறவைச் சங்கத்திலை ஆபிரிக்கா எண்டு காட்டவேணும்! உகண்டாப் படங்களை வால் முறிஞ்ச குருவி எண்டு அழிச்சுப்போட்டனே!”

மனைவி தன் போனை நீட்டினார். “என்னட்டை ஒண்டு இருக்கு. பக்கத்திலை நான் நிக்கிறன் எண்டு அழிக்கேல்லை.”

“வால் கட்டை! அப்ப ரெண்டு வகையும் எங்களிட்டை இருக்கு!” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அனுப்பும். உம்மை வெட்டிப்போட்டுக் காட்டுறன்.”

“அந்தச் சீலை எனக்கு நல்ல வடிவாய் இருக்கு. என்னையும் சேர்த்துக் காட்டுறதெண்டால் அனுப்புறன்.”

“காட்டுறன் அம்மா, காட்டுறன்! ஸ்டேஷன் வந்திட்டுது!”