புள்ளி இல்லாமல் நிற்பது

தீக்ஷா: டிவியில இருக்கிற புள்ளிய மட்டும் பாருங்க திரௌபதிக்கா. என் மூஞ்சிய இல்ல.

திரௌபதி: அது வட்டத்த வுட்டு ஓடுது பாப்பா... நான் இன்னா பண்ண?

தீக்ஷா: ஓடுறது நீங்கதான். நீங்க எந்தப் பக்கம் சாயுறீங்கன்னு காலுக்குக் கீழ இருக்கிற தட்டு அங்க காட்டுது.

திரௌபதி: அப்ப நேரா நின்னா... தோ, நடுவுல வந்துட்ச்சு.

தீக்ஷா: அப்படியே இருங்க... ம், போதும். இப்ப புள்ளிய எடுத்துடுறேன். வெறும் டிவியப் பாத்து நில்லுங்க.

திரௌபதி: இது இன்னாத்துக்கு?

தீக்ஷா: உடம்புல கோளாறு இல்லாதவங்க, தன் சாய்மானத்தக் கண்ணால பாத்தா எப்படி நிக்கிறாங்க, பாக்கலன்னா எப்படின்னு காலேஜ்ல ஆராய்ச்சி. நாப்பது பேரு வேணும். நீங்க முப்பத்தொண்ணு... சரி, இறங்குங்க.

திரௌபதி: எப்படி நின்னேன்?

தீக்ஷா: புள்ளி இருந்தப்ப நல்லா நின்னீங்க. எடுத்தப்புறம் ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி.

திரௌபதி: இன்னொரு வாட்டி போடு.

தீக்ஷா: பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. நானும்தான் ஆடுவேன்.

திரௌபதி: நீ ஆடினா மார்க்கு போவும். நான் கட்டட வேலையில சாரத்துல ஆடினா நானே போவேன். போடு.

தீக்ஷா: ...இதோட மூணு தடவ. உங்களுக்கு வாங்கின டீ ஆறிப்போச்சு.

திரௌபதி: நான் ஆறின டீதான் குடிப்பேன். போடும்மா.

தீக்ஷா: கடைசி, சரியா?... அக்கா... புள்ளி இருந்தப்பகூட இவ்ளோ அசையாம நிக்கலியே. எதப் பாக்குறீங்க?

திரௌபதி: டிவிக்கு மேல ஒரு ஆணி கீது பாரு, அத. தலையில பாண்டு சட்டி நெறய சிமெண்டு கலவை இருந்தா காலப் பாக்க முடியுமா? புதுசா வர்ற சித்தாளுங்க தூரத்துல தெரியிற மலையப் பாத்து நடப்பாளுங்க. அதுல புடிமானம் கெடைக்காது. எதிர் செவுத்துல ஆணி, குழாய்னு கிட்டத்துல எதையாச்சும் கண்ணால புடிச்சுக்கணும்.

தீக்ஷா: ஆணியப் பாத்தத நான் சேத்துக்க முடியாதுக்கா.

திரௌபதி: சேக்காத. ஆடாம நின்னேனா இல்லியா? அத ஒரு சீட்டுல எழுதிக் குடு.

தீக்ஷா: நான் இன்னும் படிக்கிற பொண்ணு. எழுதினாலும் ஆதிமூலம் மேஸ்திரி உங்கள மேல ஏத்த மாட்டாரு.

திரௌபதி: ...மேஸ்திரி பேர நான் சொல்லவே இல்லியே.

தீக்ஷா: அது வந்து...

திரௌபதி: சொல்லு.

தீக்ஷா: காலேஜு காம்பவுண்டு சுவரு வேல அவரோடதுதான். காலையில வந்து, ஆனி மாசம் நீங்க தல சுத்தி சாரத்துலருந்து விழுந்தீங்க, சேக்காதன்னாரு. நீங்க எழுதிக் குடுத்த ஃபாரத்துல விழுந்ததே இல்லன்னு போட்டீங்க. நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். முப்பத்தொண்ணுன்னது பொய்க்கா. உங்களோடது எதையும் ஆராய்ச்சியில ஏத்தல. நிக்கிறீங்களான்னு பாத்தேன், அவ்ளோதான்.

திரௌபதி: விழுந்தது நெசம். தல சுத்தல. அந்தாளு பலகைக்குக் கட்டு போடாம வுட்டுட்டான், கால் வெச்சதும் பொரண்டுச்சு. கீழ மணல் இருந்ததால பொழச்சேன். மூணு மாசமா அவன் தல சுத்தல்னு சொல்லிச் சொல்லி, நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் பாப்பா... அது நெசமான்னு பாக்கத்தான் பொய் எழுதிட்டு ஏறி நின்னேன். சீட்டு வேணாம். அவன் ஏத்தலன்னா வேற மேஸ்திரி. நாளைக்கு ஏறுறேன், பலகைய என் கையால கட்டிக்கினு.