பேர் சொல்லாத பயணி

"என் பொண்டாட்டிய யாரோன்னு நெனச்சு லொறியில ஏத்திட்டு வந்திருக்கேன் அண்ணே."

கண்டியிலிருந்து குண்டசாலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். காக்கிச் சட்டை போட்டிருந்த அவர் ஒரு தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். பக்கத்தில் இருந்தவர் அதே தோட்டத்தில் வேலை செய்யும் மூத்தவர்.

"கட்டுன பொண்டாட்டியத் தெரியாதா?"

"கல்யாணம் முடிஞ்ச மாசமே ராமநாதபுரத்துல இருந்து கப்பலேறிட்டேன். வருசக்கணக்காச்சு. விட்டுட்டு வந்தது ஒல்லியான சின்னப் பொண்ணு. நேத்து அவ ஊர்லருந்து வர்றான்னு கண்டி ஸ்டேசன்ல போய்த் தேடுறேன், அவளக் காணல. கூட்டமெல்லாம் போயிடுச்சு. ஒரு பொம்பள மட்டும் மூட்டையோட நின்னா. எங்கம்மா போகணும்னு கேட்டேன். நம்ம தோட்டத்துப் பேரச் சொன்னா. சரி, ஏறுங்கன்னேன்."

"அப்புறம்?"

"அங்க யாரு இருக்கான்னு வழியில கேட்டேன். எங்க வீட்டுக்காரருன்னா. பேரு கேட்டேன். புருசன் பேரச் சொல்ல மாட்டேன்னு தலையக் குனிஞ்சிட்டா. என்ன வேலைன்னு கேட்டேன். லொறி ஓட்டுறாருன்னா. நம்ம தோட்டத்துல இருக்கிறதே ஒரு லொறிதானே அண்ணே? அப்படியே பிரேக்கப் போட்டுட்டேன்."

மூத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னைத் தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லாம வந்தா? தெரியலன்னா, யாரோ ஒருத்தன் லொறியில ஏன் ஏறுனா?"

"அவகிட்டயே கேளேன்."

"கேட்டேன். யாரோ ஒருத்திய நீங்க எதுக்கு ஏத்துனீங்கன்னு திருப்பிக் கேக்குறா."