ஏசிக் கடையில் மொச்சை

— பழங்காநத்தத்துல பஸ்ஸ விட்டு எறங்குனதுலருந்து மொனங்கிக்கிட்டே வாரீக. உள்ள ஏசி இருக்கு, பேசாம வாங்க.

— அது சரி. காய்கறிக்கே இம்புட்டுக் குளுருன்னா, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்ற மாப்ளைய ஐஸ் பொட்டியிலதேன் உக்கார வைக்கணும் மாயக்கா.

— ஆத்தாடி, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பொட்டியப் பத்திப் பேசுறாரு! அந்தா பாருங்க, நீலச் சட்டை. தரகர் காட்டுன போட்டோவுல இருந்த அதே மூஞ்சி. சூரியபிரகாஷ்.

— மேனேஜர்னுல்ல சொன்னாரு தரகரு? மேனேஜர் கீரைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்காரு.

— மேற்பார்வை பாக்குறாருங்க.

— அது சரி. கீரை தப்பிச்சு ஓடிறாமப் பாக்குறாரு.

— நம்ம மக செல்விய வச்சுக் காப்பாத்துவானான்னு பாக்கத்தான வந்தோம்? நம்ம மூஞ்சி அவனுக்குத் தெரியாது. காய் வாங்குற மாதிரி நில்லுங்க.

— இந்த விலைக்கு, வாங்குற மாதிரி நிக்கத்தேன் முடியும். தை மாசத்துல மாம்பழம் பாத்தியா? ஒவ்வொண்ணுக்கும் வலைச்சட்டை மாட்டி விட்ருக்கான். பொங்கலுக்கு எனக்கே சட்டை இல்ல.

— தம்பி, இந்த முருங்கைக்காய் நல்லா இருக்குமாப்பா?

— அத எடுக்காதீங்கம்மா. பனிக்கு இங்க காய்ப்பு இல்ல. எங்கருந்தோ வருது. விலையும் கூட, உள்ள சதையும் இருக்காது.

— அப்பறம் எதுக்கு அடுக்கி வச்சிருக்கீக? தோரணமா?

— வாங்குறவுக இருக்காங்கய்யா. நீங்க மொச்சை எடுங்க, அவரை எடுங்க. இப்ப அதுகளுக்குத்தேன் சீசன். கொய்யாவும் குமிஞ்சு கெடக்கு.

— இந்தா டப்பாவுல உரிச்சே வச்சிருக்கே, மொச்சை?

— கொஞ்சம் கிட்ட வாங்கம்மா. அது நேத்து உரிச்சது. டப்பாவுக்கும் சேத்து விலை. வாசல்ல சாக்கு விரிச்சு செல்லத்தாய் அக்கா விக்கிது, மேலூர்ப் பக்கத்துக் காய். பாதி விலைதேன்.

— கேட்டுக்க மாயக்கா. சம்பளத்த உள்ள வாங்கிக்கிட்டு யாவாரத்த வாசலுக்கு அனுப்புறாரு. நல்ல மேனேஜரு!

— மேனேஜரா? நான் காய்கறிப் பக்கம் மட்டுந்தேன் பாக்குறேங்கய்யா. யாரு சொன்னது?

— பொழுது போகாத ஒருத்தரு சொன்னாரு. விடுங்க.

— ஏந்தம்பி, நீங்க இப்படிச் சொல்றது மொதலாளி காதுல விழுந்தா?

— விழுந்துருச்சும்மா. வாரக் கடைசியோட நின்னுக்கன்னுட்டாரு. இன்னைக்கோட சரி.

— ஆத்தாடி!

— மாயக்கா, உன்னோட ஏசி மாப்... சரி, சரி, கால மிதிக்காத. அடுத்து என்ன தம்பி செய்வீக?

— மாட்டுத்தாவணியில ஒரு கமிஷன் கடையில கேட்டிருக்கேன்யா. கெடச்சாலும் கெடைக்கும். அது கூடப் பரவாயில்ல. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வேலை போனத அங்க சொல்லாதங்குது எங்கம்மா. பூ வச்சப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாமாம்.

— அம்மா சொல்றதும் சரிதான? ஊரு ஒலகத்துல எல்லாரும் அப்படித்தேன் செய்றாக.

— கிண்டல் பண்றீங்களாய்யா? நான் போனதும் உக்காருறதுக்கு முன்னாடியே சொல்லிறலாம்னு இருக்கேன். அவுக வீட்டுக் காபியக் குடிச்சுட்டுச் சொன்னா நல்லாவா இருக்கும்?

— காபியே குடுக்காம அனுப்பிட்டா?

— வந்துற வேண்டியதுதேன். பின்னாடி தெரிஞ்சு அந்தப் புள்ள அழுகுறதுக்கு இது தேவல.

— என்ன மாயக்கா, மூக்க உறிஞ்சுற? ஏசி ஒத்துக்கலயோ?

— நீங்க சும்மா இருங்க. தம்பி, நாளைக்கு வந்ததும் மொதல்ல உக்காந்து காபியக் குடிங்க. பொண்ணு வீட்ல சொல்ல வேண்டியதத்தேன் இப்பவே சொல்லிட்டீகளே.