ஐந்து மணிச் சங்கு

சங்கு ஊதுகிறது. மாலை ஐந்து. ஜூன் 26, 1999. சனிக்கிழமை. ரஞ்சன்காவ்.

எங்கள் நாய் ஷேரு ஓடுகிறது. நான் பின்னால் ஓடுகிறேன். மழை பெய்த கரிசல். செருப்பு சேற்றில் போய்விட்டது. முன்னால் அகமத்நகர் சாலை. லாரிகள். எனக்குப் பின்னால், அதற்கு இடம் கொடுத்த நாம்தேவ் காகா மராத்தியில் கத்துகிறார்.

"அரே தாம்ப்! தாம்ப்!"

அதற்கு மராத்தி தெரியாது. நான் தமிழில் கத்துகிறேன்.

"ஷேரூ! நில்லு! நில்லுடா!"

நிற்கவில்லை. ஒரு லாரியின் ஹாரன். நீளமாக. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. உயிரோடு. தொழிற்சாலை கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் தேஹு ரோடு என்ற ஊரில், ஆயுதக் கிடங்கின் லைன் வீடுகளில் இருந்தோம். அப்பா அங்கே பெட்டி கட்டும் தொழிலாளி. ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஊதியதும் லைன் நாய்கள் எல்லாம் கிடங்கு கேட்டுக்கு ஓடும். அதனதன் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஷேரு நாலு வருடம் ஓடியது. அப்பாவின் கையை முகர்ந்த பிறகுதான் திரும்பும்.

அந்த மே மாதம் வடக்கே மலையில் சண்டை தொடங்கியது. கிடங்கில் இரவும் பகலும் லாரி ஏற்றினார்கள். வீட்டில் பாத்திரம் அதிர்ந்தது. ஜூன் முதல் வாரம் அப்பாவுக்கு வடக்கே மாற்றல் உத்தரவு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா ஆம்பூருக்கு, அத்தை வீட்டுக்கு. நான் கல்லூரி ஹாஸ்டலுக்கு. ஷேருவுக்கு இடமில்லை.

தெருவில் விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். வீடு வீடாகக் கேட்டேன். பாணேரில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாய் வேண்டும் என்றிருந்தார். கேட்டிலேயே நிறுத்தினார்.

"நாட்டு நாயா தம்பி? அபார்ட்மெண்ட் சொசைட்டில ஒத்துக்க மாட்டாங்க. ஜாதி நாயின்னா சொல்லுங்க."

கடைசியில் நாம்தேவ் காகா. அப்பாவோடு வேலை பார்த்தவரின் மச்சான். ரஞ்சன்காவில் வெங்காயத் தோட்டம். நல்ல மனிதர். முன்கூட்டியே இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி, நிழல், வேலி எல்லாம் பார்த்தேன். ஊசி போட்ட அட்டையை வாங்கி வைத்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். எதையும் தாளில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஷேருவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். மராத்தியில். என்ன சாப்பிடும். எந்தக் காதில் புண் வரும். 'வா', 'போ', 'உக்காரு' என்ற தமிழ்ச் சொற்களைத் தேவநாகரி எழுத்தில். முதல் ஆறு நாள் கட்டியே வைக்கவும். அப்பா மூட்டை கட்டிக்கொண்டே சிரித்தார்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கறவன்கூட இவ்ளோ எழுத மாட்டான்டா."

வெள்ளிக்கிழமை அவர் ரயிலேறினார். ஞாயிறு நான் ஷேருவை டெம்போவில் கொண்டுபோய் விட்டேன்.

மூன்று பக்கத்தில் சங்கு இல்லை. மறைக்கவில்லை. தோன்றவில்லை. நாய் மூச்சு விடும் என்று யாராவது எழுதுவார்களா?

ஆறாம் நாள் பார்க்கப் போனேன். காகா சொன்னார், தினமும் சாயங்காலம் கயிற்றை இழுக்கிறதாம். காலாற நடக்கக் கேட்கிறது என்று நினைத்தாராம். நானும் அப்படியே நினைத்தேன். நாலு ஐம்பது. நானே அவிழ்த்துவிட்டேன். என் மடியில் தலை வைத்துப் படுத்தது. பத்து நிமிடம்.

பிறகு சங்கு.

கேட் திறக்கிறது. ஷிப்ட் முடிந்து நூற்றுக்கணக்கான ஆட்கள் வெளியே வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. ஷேரு நடுவில் புகுகிறது. ஒவ்வொரு கையாக முகர்கிறது. அடுத்த கை. அடுத்த கை. ஒருவன் உதைக்கிறான். வாட்ச்மேன் தடியைத் தரையில் அடிக்கிறான்.

"ஹட்! ஹட்! பாகல் குத்தா ஹை, ஹடோ!"

"பைத்தியம் இல்லை" என்று கத்துகிறேன். தமிழில். யாருக்கும் புரியவில்லை. கூட்டம் என்னைப் பின்னால் தள்ளுகிறது. கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. மூன்று. ஷேரு ஒரு பஸ்ஸின் படிக்கட்டை ஒட்டியே ஓடுகிறது. புகை. மழை. ஐந்து பதினாறு.

அதன்பின் நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அந்தச் சாலையில் நடந்தேன். காகா சைக்கிளில் சிக்ராபூர் வரை போய் வந்தார். தாபாக்களில் கேட்டோம். சாலையோரப் பள்ளங்களில் குனிந்து பார்த்தோம். வேறு நாய்கள் கிடந்தன.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். முதல் கேள்வி ஷேருவைப் பற்றித்தான். "நல்லா இருக்குப்பா" என்றேன். டிசம்பரில் லீவில் வந்தவரிடம் சொன்னேன். மூட்டையை அவிழ்த்து முடித்தார். பிறகு கேட்டார்.

"சங்கு பத்தி எழுதலியாடா?"

"இல்லப்பா."

"எனக்கும் தோணலியே."

சண்டையில் செத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இது அந்தக் கணக்கு அல்ல. எங்கள் வீட்டுக் கணக்கு.

வடக்கே போனவர் ஒருவர். திரும்பினார். விட்ட வீடு ஒன்று. பொய் சொன்ன ஞாயிறுகள் இருபத்தைந்து. காணாமல் போனது ஒன்று. பெயர் ஷேரு. பழுப்பு நிறம். வலது காதில் தழும்பு. வயது ஐந்து.

உடல் கிடைக்கவில்லை.