துண்டு போட்ட இடம்

இரவு மணி ஏழரை. கடலூர் முதுநகரில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு. தூறல் வேறு. தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை... ஆள் நடமாட்டமே இல்லாத அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆட்டோ. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி. கை நிறையக் கண்ணாடி வளையல். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம்.

ராஜ்கமல் இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அவனுடைய அக்கா காயத்ரிதான் அவள். பக்கத்தில் அவள் புருஷன் செந்தமிழ்செல்வன். காலையில்தான் வளைகாப்பு. பிரசவத்துக்குக் கீரப்பாளையத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகிறாள். சொந்தக்காரர்கள் சாமான்களோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். ரோடு முழுக்கப் பள்ளம், வேன் குலுக்கும், ரயிலில் போனால் சிதம்பரம் வரை அலுங்காமல் போகலாம் என்று இவர் பிடிவாதம். பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மனிதர் ஏசி பெட்டியிலேயே போய்ப் பழகியவர். பெர்த் நம்பரைப் பார்ப்பார், உட்காருவார். இது பாசஞ்சர். ஏசியும் கிடையாது, ஸ்லீப்பரும் கிடையாது. எல்லாப் பெட்டியும் அன்ரிசர்வ்டு. இங்கே நம்பர் ஏது? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவனுக்குத்தான் இடம். நமக்கெல்லாம் தெரிந்த சட்டம்தானே. சத்யநாராயணா, சிரிக்காதே, நீ செருப்பைப் போட்டே இடம் பிடித்தவன்.

வண்டி வந்தது. ஏறினால்... கால் வைக்க இடமில்லை. வியர்வை, மல்லிகைப்பூ, மீன் கூடை, எல்லா வாடையும் கலந்து அடிக்கிறது. ஆனால் ஒரு ஜன்னலோர சீட் மட்டும் காலி. அதில் சிவப்புக் காசித்துண்டு ஒன்று சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள்கூட உட்காரவில்லை.

"துண்டு யாருது?" என்று செல்வன் கேட்டார்.

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

தரையில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா மட்டும் நகர்ந்து இடம் விட்டார். "வாணாம் தம்பி. புள்ளத்தாச்சி இங்க எம் பக்கத்துல ஒக்காரட்டும். அதத் தொடாத."

செல்வனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அன்ரிசர்வ்டு பெட்டிதான இது? துண்டப் போட்டா சீட்டு சொந்தமாயிடுமா? வரட்டும், நான் பேசிக்கிறன்."

துண்டை இழுத்து, மேலே சாமான் வைக்கிற பலகையில் வீசினார். கை நனைந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார்... உப்பங்கழிச் சேற்று வாடை. காயத்ரி உட்கார்ந்தாள்.

ஆலப்பாக்கம் போனது. புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டையும் போனது. யாரும் வந்து இடம் கேட்கவில்லை. மீன்காரம்மா மட்டும் மேல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. தடதட சத்தம் கனத்தது. விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது...

"ஏங்க... என் மடியில கனமா இருக்குதுங்க."

செல்வன் குனிந்தார். மேலே வீசிய துண்டு அவள் வயிற்றின் மேல் விரிந்திருந்தது. சுருக்கமே இல்லை. தண்ணீர் சொட்டியது. காயத்ரி இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கை அசையவில்லை. வளையல் மட்டும் கலகலவென்று... யாரோ சின்னக் கையால் அளைகிற மாதிரி.

அவருக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்தார்.

"கெடுத்துட்டியே தம்பி," என்றார் மீன்காரம்மா. "அது பாட்டுக்குக் கம்முனு ஒக்காந்து வந்திச்சி. இனிமே எங்க போயி எடம் புடிக்குமோ." கிள்ளையில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிரசவம் நல்லபடியாக ஆனது. பெண் குழந்தை. ரயிலில் நடந்ததை மறந்தே போனார்கள். பெயர் வைக்கிற அன்று கீரப்பாளையம் வீட்டு விட்டத்தில் கயிறு போட்டு, புதுப் புடவையில் ஏணை கட்டினார்கள். காயத்ரி குழந்தையைப் படுக்கவைக்கப் போனால்... காலி ஏணை தொய்ந்திருக்கிறது. உள்ளே சிவப்புத் துண்டு. ஈரம். சுருக்கமில்லாமல் விரித்திருந்தது.

செல்வன் பக்கத்தில்தான் நின்றார். இந்தத் தடவை சட்டம் பேசவில்லை. துண்டைத் தொடவும் இல்லை. குழந்தையை வாங்கி, தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்.

அன்று ராத்திரி யாரும் ஏணைப் பக்கம் போகவில்லை. விடிந்து பார்த்தால் ஏணையில் துண்டு இல்லை. பாயில் கிடந்தது. தூங்குகிற குழந்தையின் மேல் பாதி ஏறியிருந்தது... காயத்ரி போட்ட அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

பொழுது சாய்ந்ததும் யாருக்கு என்ன தோன்றியதோ, காலி ஏணையை ஆட்டத் தொடங்கினார்கள். துண்டு தானாக ஏணைக்குள் போய்விட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் தினமும் ஒருவர், இருட்டினால் விடியும் வரை உட்கார்ந்து ஆட்டுகிறார்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் ராஜ்கமலுக்குப் போன் போட்டேன். "வர முடியாது மச்சான், இன்னிக்கி என் மொற," என்றான். பின்னால் கயிறு கிறீச்... கிறீச்சென்று கேட்டது.

"கொழந்த தூங்கிடுச்சாடா?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எங்களுது தூங்கிடுச்சி மச்சான்... இதுதான் இன்னும் தூங்கல."