எல்சி காதுக்கு நாலு ஆராய்ச்சி

இல்ல நைனா, நீயே சொல்லு. மீன் வாங்கினா மனுசன் இன்னா பண்ணுவான்? கொயம்பு வெப்பான், வறுப்பான், பக்கத்தூட்டுக்கு ஒரு கிண்ணம் குடுப்பான். எங்கூட்டு மாடில குடிகீற பையன் இன்னா பண்றான் தெரியுமா? தலைய ஒடச்சி உள்ளருந்து கல்லு எடுக்குறான். அரிசி நொய் மாரி வெள்ளையா ஒரு கல்லு. மீனோட காதுக் கல்லாம். மீனுக்குக் காது கீதுன்னே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்த அறுத்து மைக்ராஸ்கோப்புல வச்சா, மரத்துல கீற மாரி உள்ள வளையம் வளையமா தெரியுமாம். மீனுக்கு எத்தினி வயசு, ஆத்துல வளந்துச்சா கடல்ல வளந்துச்சா, எல்லாத்தையும் அந்தக் கல்லே சொல்லிருமாம். ஏம்பா, மீனுக்கு ஆதார் கார்டு எடுக்குறியான்னு கேட்டேன். சிரிக்கிறான். சிரிச்சிட்டு எங்கூட்டு ஃப்ரிட்ஜுல, பால் பாக்கெட்டாண்ட, ஒரு கவர் நெறைய மீன் தலைய வெக்கிறான்.

ரவ தள்ளி ஒக்காரு நைனா, காலு நீட்டிக்கிறேன். பஸ்ஸு இப்ப நவராது. எட்டிப் பாரு, முன்னால பூரா கண்டெயினர் லாரி. இந்த எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஏறினா இப்டித்தான். பேர்லதான் எக்ஸ்பிரஸ்ஸு.

என் பேரு பிராங்கிளின். ஹார்பர்ல கிரேன் ஓட்டிகினு இருந்தேன், ரிட்டயர் ஆயிட்டேன். வூடு இங்கதான், திருவொத்தியூரு. மாடில நாலு ரூம்பு சொம்மா கெடந்துச்சி. என் சம்சாரம் எல்சிதான் சொன்னா, படிக்கிற புள்ளைங்களுக்கு உடலாம், ஒரு பேஜாரும் இருக்காதுன்னு. நானும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும்னு போர்டு எய்தி மாட்டிட்டேன். பேஜாரே இருக்காதுன்னா... கேளு அந்தக் கதைய.

அந்த மீன் தலப் பையன் பேரு நிதிஷ். அவன் ரூம்புக்கு எதிர்ல பீம்ராவ். பிசிக்ஸ் படிக்கிறான். சொந்த வூடு வியாசர்பாடில, தோ கூப்புடு தூரம். ஏம்பா அங்கருந்தே போய் வரலாமேன்னா, லாரி இங்கதான் அங்கிள் நெறைய ஓடுதுங்கிறான். லாரி போறப்போ வூடு எப்டி அதிருதுன்னு அவனுக்கு ஆராய்ச்சி. செவுரு பூரா சோப்பு டப்பா மாரி பொட்டி ஒட்டி வச்சிகீறான். கிச்சன்ல ஒண்ணு, மாதா படத்துக்குக் கீய ஒண்ணு, பாத்ரூம் கதவாண்ட ஒண்ணு. மிக்சி போட்டா ஓடியாருவான். ஒரு நாள் என்னாண்ட வந்து, அங்கிள், ரவ மெல்ல நடங்க, உங்க நடை ரெகார்டுல உயுதுன்றான். நா இன்னா ட்ரெய்லரா?

அப்பால ஜஸீமா. டாக்டரு. டாக்டருக்கும் மேல இன்னொரு படிப்பு. சத்தம் ஜாஸ்தி கீற கம்பெனில வேல செய்றவங்களுக்குக் காது எப்டிப் போவுதுன்னு பாக்குறா. மணலி, எண்ணூருன்னு கம்பெனி கம்பெனியா போயி, ஆளுங்க காதுல மெஷின மாட்டி டெஸ்ட்டு பண்ணுவா. நல்ல பொண்ணு. ஆனா துன்றதுக்கு டைமே கெடையாது. எல்சிதான் மாடிக்குச் சோத்த எடுத்துகினு ஏறுவா.

நாலாவது மகிழினி. பாட்டுல ஆராய்ச்சி. பாட்டுக்கும் டாக்டர் பட்டம் தர்றாங்கன்னு எனக்குத் தெரியாது நைனா. காசிமேட்டுல மீன் ஏலம் கூவுறத ரெகார்டு பண்ணுவா. சாவு வூட்டுல கானா பாடுறாங்களே, அங்கயும் போயி ஓரமா நிப்பா. எங்க ராயபுரம் மாதா கோயிலுல பாடுற கொயருக்கும் வருவா. கும்பலா பாடுறப்போ போவப்போவ சுதி எறங்குதாம், எல்லாரும் சொல்லி வச்ச மாரி ஒண்ணாவே எறங்குறாங்களாம், அது ஏன்னு கண்டுபுடிக்கணுமாம். மூச்சு பத்தல, எறங்குது. இதுக்கு இன்னா ஆராய்ச்சின்னேன். அது இல்ல அங்கிள்னு ஆரம்பிச்சா பாரு... டீ ஆறிப் போச்சி.

சாயங்காலமானா நாலும் மொட்ட மாடில கூடும். கூடினா சண்டதான். பாட்டு சுதி எறங்கினா யார் குடி முயுவப் போவுதுன்னு பீம்ராவ் கேப்பான். வூடு அதிருதுன்னு தெரிஞ்சி நீ லாரிய நிறுத்தப் போறியான்னு அவ கேப்பா. மீனு வயச வச்சி வைத்தியம் பாக்க முடியுமான்னு ஜஸீமா. அந்த மீனத்தான் நீங்க மூணு பேரும் துன்றீங்கன்னு நிதிஷ். ஒருத்தர் ஆராய்ச்சி ஒருத்தருக்கு ஆவாது. ஆனா நாலு பேருக்கும் எல்சி வோணும். டீய வச்சிகினு நடுவுல ஒக்காந்து, ஒவ்வொருத்தர் சொல்றதுக்கும் தலைய ஆட்டிகினே இருப்பா. ஆன்ட்டிக்கு மட்டும்தான் நம்ப சப்ஜெக்டு புரியுதுன்னு நாலும் தனித்தனியா என்னாண்ட வந்து சொல்லிச்சிங்க. எனக்கு ஆச்சரியம். நா சொன்னா ஒண்ணும் புரியாது இவளுக்கு, இவங்க சொல்றது எப்டிப் புரியுது?

அவளப் பத்திச் சொல்லணும்னா, கன்னாலம் ஆவறதுக்கு மின்னாடிலேந்து கொயர்ல பாடுறவ. ராயபுரத்துலதான் பொறந்தா. அவ பாட்டக் கேட்டுத்தான் நா பொண்ணு கேக்கப் போனேன். எர்ணாவூராண்ட ஒரு தகர டின் செய்ற கம்பெனில பிரஸ்ஸு மெஷினாண்ட நின்னா, அது மூடுற வரிக்கும். பகல் பூரா தகரம் அடிக்கிற சத்தம், ஞாயித்துக்கெயம பாட்டு. வூட்டுல அடுப்பாண்ட நின்னாலும் பாட்டுதான்.

போன வருசம் கொயர் மாஸ்டரு இன்னாசி அவள முன் வரிசேலருந்து பின் வரிசைக்கு மாத்தினாரு. அப்பால, இந்தப் பண்டிகைக்கு ரெஸ்ட்டு எடுத்துக்கம்மான்னுட்டாரு. அவரையும் தப்பு சொல்ல முடியாது. ஆர்கன் ஆரம்பிச்ச அப்பாலயும் இவ கம்னு நிக்கிறா, எல்லாரும் பாதி பாடினதும் உள்ள நொயையிறா, மேல போற எடத்துல வேற எங்கியோ போறா. அவரு எத்தினி நாளு பொறுப்பாரு? இவ வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லல. சொல்லாம உட்டதுகூடப் பரவால்ல நைனா. அடுப்பாண்ட பாட்டு நின்னுபோச்சி. கரண்டி சத்தம் மட்டும் வருது. என் மேலதான் இன்னாவோ கோவம்னு நெனச்சி, கேக்காமலே போயி அல்வா வாங்கியாந்தேன். துன்னா. ஆனா பாடல.

கடசில மகிழினிதான் மோப்பம் புடிச்சா. ஒரு ஞாயித்துக்கெயம மதியானம் மொட்ட மாடில இவள ஒக்கார வச்சி, தனியாப் பாடுங்க ஆன்ட்டி, ரெகார்டு பண்ணணும்னா. இவ மாட்டேன்னா. அந்தப் பொண்ணு உடல. சரின்னு பாடினா பாரு... தங்கம் மாரி. கீய போற எடமெல்லாம் நூலு புடிச்ச மாரி நிக்குது. எங்கியும் தப்பல. அப்ப கொயர்ல மட்டும் ஏன் தப்புது? மகிழினி போன்ல ஒரு சுரத்த வாசிச்சி, இத்தப் புடிங்கன்றா. கீய வாசிச்சா புடிக்கிறா. மேல வாசிச்சா, வாசிம்மா, ஏன் நிறுத்திட்டன்றா.

மகிழினி மொகம் மாறிடிச்சி. போயி பீம்ராவ இஸ்துகினு வந்தா. அவனாண்ட சத்தம் உண்டு பண்ற மெஷினு ஒண்ணு கீது. ஒரே ஊதல் சத்தம், கீயேருந்து ஆரம்பிச்சி மெல்ல மெல்ல மேல ஏறும். எனக்கு இந்த வயசுலயும் காது கூசுது, கொசு உள்ள பூந்த மாரி. நிதிஷ் ரூம்புலருந்து, யார்ரா அதுன்னு திட்டிகினே வெளிய வந்தான். ஜஸீமாவும் தூக்கத்துலருந்து எய்ந்து வந்துட்டா. எல்லாரும் காதப் பொத்திகினு கீறோம். எல்சி எறா உரிச்சிகினு கீறா. தலைய நிமித்தல. ஓட்டத் தனியா, எறாவத் தனியா போட்டுகினே கீறா. கொஞ்ச நேரம் செண்டு பாத்தா, நாங்க எல்லாம் அவளையே பாத்துகினு நிக்கிறோம்.

"இன்னா, எல்லாம் கம்னு கீறீங்க? டீ வோணுமா?"ன்னா.

பீம்ராவ் அப்பதான் மெஷின நிறுத்தினான் நைனா. ஜஸீமா போயி அவ எதுர்ல தரையில ஒக்காந்தா. அயுவுறா. ஊரெல்லாம் போயி காத டெஸ்ட்டு பண்றேன், தெனமும் என் கைல சோத்தக் குடுக்குறவங்க காது போயிருக்கு, எனக்குத் தெரியலயேன்றா. டின் கம்பெனி ஆளுங்களத் தேடிகினு அவ எண்ணூரு பூரா அலஞ்சவ.

எல்சி அயுவல. எறா கைய முந்தானையில தொடச்சிகினு, மெதுவா சொன்னா: "எனக்குத் தெரியும்மா. வெளிய தெரிஞ்சா பாட்ட எடுத்துருவாங்கன்னு சொல்லல. சொல்லாமலே எடுத்துட்டாங்க."

நா உட்டேனா, என்னாண்டயாவது சொல்லக் கூடாதான்னேன். அவ என்னியப் பாத்து, "உன் பேச்சுக்குக் காது எதுக்கு? தலைய ஆட்டினா போதுமே"ன்னா. அயுதுகினு இருந்த ஜஸீமாவே சிரிச்சிட்டா. நாலு ஆராய்ச்சிக்காரனும் அப்பதான் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறான். அவனுங்களுக்கு ஆட்டினதும் அதே தலதான?

அப்பால ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். காதுல மெஷினு மாட்டினா கொயர்ல நாலு பேரு பாப்பாங்களாம். ஜஸீமா சொல்லிப் பாத்தா, கேக்கல. நா சொல்லிப் பாத்தேன், தலைய ஆட்டினா. மெய்யாலுமே யாரு கேக்க வச்சது தெரியுமா? அந்த மீன் தலப் பையன். ஒரு காதுக் கல்ல அவ உள்ளங்கைல வச்சி, "ஆன்ட்டி, இந்த மீனு எங்க வாய்ந்துச்சோ அது இதுல எய்திகீது. உங்க காதுலயும் அதான். நீங்க ஒயச்சது எய்திகீது. இதுல வெக்கம் இன்னா?"ன்னான். அவ அந்தக் கல்ல ரொம்ப நேரம் கைலயே வச்சிகினு இருந்தா. மறுநாள் பொடவ மாத்திகினு வந்து நின்னா.

மெஷினு வந்துச்சி. மொத நாளு கடுகு பொரியிற சத்தம் கேட்டு அடுப்ப உட்டுப் பின்னால போயிட்டா. செருப்பு சத்தம், கேட்டு சத்தம், எல்லாம் புச்சு. என்னியப் பாத்து, நீ நடுவுல மூச்சே உட மாட்டியான்னு கேட்டா. ஆனா பாட்டுக்கு ஆவல நைனா. ஆர்கன் வாசிச்சா தகர டப்பா தட்டுற மாரி கேக்குதுன்னு கயட்டிட்டா. பேச்சு கேக்குறதுக்கு வச்ச மெஷினு, பாட்ட அது பேச்சு மாரி நசுக்கிருதாம். திரும்பவும் அடுப்பாண்ட கரண்டி சத்தம்தான்.

நாலும் கூடி அவள திரும்ப ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போச்சிங்க. அங்க மெஷினு செட் பண்ற அம்மா ஒருத்தி, பாவம். மகிழினி பாடிக் காட்டுறா, இந்த எடம் சன்னமா வரணும்ன்றா. பீம்ராவ் கம்பூட்டர்ல கோட்டப் பாத்து, இங்க ஏத்து, அங்க எறக்குன்றான். ரொம்ப ஏத்தினா மிச்சம் கீற காதும் பூடும்னு ஜஸீமா கத்துறா. நிதிஷ் எல்சி ஹேண்ட்பேக மடில வச்சிகினு நடுவர் மாரி ஒக்காந்துகினு கீறான். அந்தம்மா ஒரு கட்டத்துல எல்லாரும் வெளிய போங்கன்னுட்டாங்க, என்னியும் சேத்து. நா ஒண்ணுமே பேசல நைனா, லாரி சத்தத்தப் பத்தி ரெண்டு வார்த்ததான் சொன்னேன். ஆனா பாட்டுக்குன்னு தனியா ஒரு செட்டிங்கு வச்சிக் குடுத்துட்டாங்க. அன்னிக்கி சாயங்காலம் சண்டையே இல்ல மாடில. அந்த கோட்ட எனக்கு அனுப்பு, நீ பாடினத எனக்கு அனுப்புன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுகினு இருந்துச்சிங்க.

தோ, பஸ்ஸு நவுருது. உருட்டிகினே போறான்.

இன்னாசி பாடச் சொல்லிக் கேட்டாரு. கேட்டு முடிச்சி, பண்டிகைக்கு வந்துரும்மான்னாரு. இன்னிக்கித்தான் பண்டிக. சாயங்காலப் பூசைல ஒரு பாட்டு இவதான் ஆரம்பிக்கணும், ஆர்கன் இல்லாம, தனியா. காலையிலயே போயிட்டா. கொஞ்சம் மின்னால ஃபோன் பண்றா, காதுல டொய்ங் டொய்ங்னுது, பேட்டரி தீரப் போவுதுன்னு. போறப்போ புது பேட்டரிய எடுத்துகினு போவ வேணாமா? இந்தப் பொம்பளைங்களே இப்டித்தான். நா வூடு பூரா தேடினேன். பீரோ, டிவி ஸ்டாண்டு, மாதா படத்துக்குப் பின்னால... கடசில எங்க இருந்துச்சின்னா...

எங்க இருந்தா இன்னா, கெடச்சிதில்ல.

என் சட்டப் பாக்கெட்டுல. சிரிக்காத. நேத்து வாங்கியாரச் சொன்னா. வாங்கினேன். மருந்துக் கடக்காரன் பேச்சு குடுத்தான்... சரி, நாந்தான் குடுத்தேன். பேசிகினே வூட்டுக்கு வந்து, சட்டய ஆணில மாட்டிட்டேன்.

இரு, ஃபோனு. ஆங், ஜஸீமாவா... சொல்லும்மா. பஸ்ஸுலதான் கீறேன்... அப்டியா... மாத்திட்டியா. நேத்தே வாங்கி உன் பேக்ல வச்சிருந்தியா. ஏன்?... சரி, சரி, சிரிக்காத. வைய்யி.

பாத்தியா நைனா. அங்கிள் எப்டியும் லேட்டாதான் வருவாருன்னு அந்தப் பொண்ணு தானே ஒண்ணு வாங்கி வச்சிகினு கீது. நா தேவையே இல்ல. வூட்டுக்குத் திரும்பிப் போயி காலு நீட்டிப் படுக்கலாம்.

ஆனா மாட்டேன், கோயிலுக்குத்தான் போறேன். மொத வரி அவ தனியாப் பாடுறா.

சர்தான், நீ எங்க எறங்கணும்? கேக்கவே இல்ல பாரு நா... இன்னா? தண்டையார்பேட்டயா? அது எப்பவோ பின்னால பூட்சே. ஏன் சொல்லல? வாயத் தொறந்து ஒரு வார்த்த... சரி, உட்டாத்தான. தப்பு என்னுதுதான். இந்த லாரிக் கும்பல்ல திரும்பிப் போற பஸ்ஸு லேசுல வராது. வா, எறங்கு என் கூட. ஒரு பாட்டு கேட்டுட்டுப் போ. பூச முடிஞ்சா பிரியாணி கூட உண்டு, நிதிஷு கைங்கர்யம், மீனுதான். தலைய பாத்துத் துன்னு.

மெல்ல எறங்கு. இந்தப் பக்கம். அந்தக் கொடி தெரியுது பாரு, அதான் கோயிலு. ஸ்பீக்கரு ரோடு வரிக்கும் போட்டுகீறாங்க. ஆர்கன் நின்னுபோச்சி. கூட்டம் பூரா கம்முனு ஆயிடிச்சி.

நில்லு நைனா. கேளு.