சுங்கம் அண்ணன்

மதியம் சாப்பிட்ட பிறகு எனக்குத் தூக்கம் வராது, டாக்டர். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர்கள் பலருக்கும் இப்படித்தான். திரையில் ரயில்கள் புள்ளிகளாக நகரும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வு பெற்று வந்த பிறகும் கண் அதையே தேடியது.

பக்கத்து அறையில் என் மகன். அவன் வேலை பார்த்த கூரியர் கிடங்கை மூடிய நாளிலிருந்து கதவும் மூடித்தான் இருந்தது. தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். உள்ளே அவன் சிரிப்பது கேட்கும். என்னோடு பேசும்போது அவன் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. யாரோடு சிரிக்கிறான் என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள நினைப்பது தப்பா?

அவன் இணையத்தில் ஆடியது ஒரு விண்வெளி விளையாட்டு. வியாபாரிகள் ஒரு நிலையத்தில் சரக்கு ஏற்றி இன்னொரு நிலையத்தில் விற்பார்கள். நடுவே காவல் இல்லாத ஒரு கணவாய். கொள்ளைக்காரர்கள் அங்கே பாறைகளுக்குப் பின்னால் நிற்பார்கள். அவனுடைய பழைய மடிக்கணினியில் நானும் சேர்ந்தேன். வியாபாரிக்கு ஓயாத அலைச்சல். கொள்ளைக்காரனுக்குக் காத்திருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அது தெரியும்.

அவன் கப்பலின் பெயர் சுண்டெலி. முதன்முதலாக அதை என் கப்பலின் வலையில் நிறுத்தியபோது சுவருக்கு அந்தப் பக்கம் "போச்சு" என்று கத்தினான். பிறகு திரையில் எழுத்து வந்தது.

"அண்ணே, முழுசா எடுத்துடாதீங்க. பாதி எங்க கூட்டாளிங்களோடது."

கொஞ்சம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். கப்பலை உடைத்துவிட்டால் மறுபடி யாரை நிறுத்துவது? நல்ல கொள்ளைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். பங்கு கொடுத்தால் வழி விடுவார்கள். வியாபாரிகளும் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள். நான் ஒருபோதும் வாக்கு மீறியதில்லை. அதனால் எனக்குச் சுங்கம் என்று பெயர் வைத்தார்கள். என் மகன் என்னைச் சுங்கம் அண்ணே என்றான்.

பங்கு கொடுத்த பிறகும் அவன் உடனே கிளம்பமாட்டான். நின்று பேசுவான். முதுகுவலி, பிடித்த பாட்டு, பயம் எல்லாம் சொன்னான். ஒரு நாள் வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"அம்மா மட்டுந்தான். நல்லவங்கதான் அண்ணே. ஆனா அவங்க பக்கத்துல இருந்தா மூச்சு முட்டும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அவனுடைய வியாபாரிக் கூட்டத்துக்கு ஒரு பெண்தான் தலைவி. கொக்கு என்று கூப்பிடுவார்கள். அவள் ஊரில் ஒரு பெரிய கிடங்கில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள். தங்குவதற்கு அவள் அண்ணன் வீட்டு மாடி அறை. திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்று என்னிடம்தான் முதலில் சொன்னான், சுங்கத்திடம்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா தம்பி?"

"சொன்னா போகமுடியாது அண்ணே. அழுதாக்கூட சமாளிச்சுடலாம். அவங்க அழமாட்டாங்க. சும்மா பாத்துட்டே நிப்பாங்க."

அவன் அப்பாவும் இப்படித்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போனவர். மகன் அதை அறிந்தும் அதையே செய்ய நினைத்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முன் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு கடைசிப் பயணம் வைத்திருந்தார்கள். பல மாதமாகச் சேர்த்த சரக்கு அத்தனையையும் ஏற்றிக்கொண்டு எல்லாக் கப்பலும் ஒரே அணியாகப் போகும். எந்த வழி, எந்த நேரம் என்று எனக்குச் சொல்லி, "இந்த ஒரு தடவை விட்டுடுங்க அண்ணே" என்று கேட்டான். நானும் விட்டுவிட்டேன். அன்று நான் கணவாய்க்குப் போகவே இல்லை.

வழியை மட்டும் வேறொரு கும்பலுக்குச் சொன்னேன். அவர்கள் பங்கு கேட்கிறவர்கள் இல்லை, உடைக்கிறவர்கள். இரண்டு நிபந்தனை வைத்தேன். சுண்டெலியைத் தொடக்கூடாது. முடிந்த பிறகு எல்லாருக்கும் தெரியும்படி அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டையும் அப்படியே செய்தார்கள்.

நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக அவன் குரல் கேட்டது.

"நான் இல்ல, கொக்கு. சத்தியமா நான் இல்ல. ஏன் என்னை மட்டும் விட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்ன சொன்னாளோ, கேட்கவில்லை. வெகுநேரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு சத்தம் நின்றது. துணியை அலமாரியில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்று எழுதினேன்.

உலகத்தில் வேறு யாராலும் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அவன் அழுதான். சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரிந்தது.

வேலை போயிற்று, மாடி அறையும் போயிற்று. திங்கட்கிழமை அவன் கதவைத் திறந்து வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். எனக்கு வயிறு நிறைந்தது.

இப்போது சாப்பாடு குறைந்துவிட்டது, குளிப்பதில்லை, அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உங்களிடமும் அவன் சுங்கம் அண்ணனைப் பற்றி மட்டும்தான் பேசினான் என்றீர்கள். யார் அது என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது.

போன வாரம், "உங்களை நேர்ல பாக்க வரட்டுமா அண்ணே? எந்த ஊரா இருந்தாலும் வரேன்" என்று எழுதினான். "அம்மாவ விட்டுட்டு எங்கயும் போகாத தம்பி" என்று பதில் போட்டேன். சரி என்றான். பிறகு, இப்படியே தூங்கிப்போய் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றான். நாளைக்கும் பேசலாம் என்று சொன்னேன். மறுநாள் பேசினான். தினமும் பேசுகிறான். எந்தத் தாயிடம் இந்த வயதுப் பிள்ளை இப்படி மனம்விட்டுப் பேசுகிறான், சொல்லுங்கள்?

அவனிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள், டாக்டர். அவனைக் கைவிடாத ஒரே ஆள் அந்த அண்ணன்தான். அவனையும் பறித்துவிட்டால், பாவம், என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?